அச்சம் என்னும் மெய்ப்பாடு

நுழையும்முன்

காய்ச்சல் கண்ட மாணவரை வீட்டுக்கு அனுப்பி ஓய்வெடுக்கச் சொல்கிறோம். கால் முறிந்தவருக்குத் தோள் கொடுக்கிறோம். மனம் நோயுற்றவருக்கு மட்டும் திமிர் என்றும் சோம்பல் என்றும் பெயர் சூட்டி விலகி நிற்கிறோம். வளரிளம் பருவத்தில் தோன்றும் மனநோய் ஒன்றை அருகிருந்து கண்ட தமிழாசிரியர் ஒருவர், தம் பிழையையும் மறைக்காமல் எழுதிய கட்டுரை இது.

கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது மங்களூர் வட்டாரம். மாவட்டத்தின் பெயரிலேயே கடல் இருந்தாலும் எங்கள் மாணவர் பலர் கடலை முதன்முதலில் பார்ப்பது பள்ளிச் சுற்றுலாவில்தான். பெரும்பாலும் மானாவாரி நிலம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும். மழை பொய்த்தால் அவையும் இல்லை. நிலம் கைவிட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு, வேப்பூர் வழியாகக் கிழக்கே விருத்தாசலம் செல்லும் பேருந்துதான் பிழைப்புக்கு வழி. பழமலைநாதர் கோயிலால் அறியப்பட்ட அந்த ஊர் பீங்கானாலும் அறியப்பட்டது. வீட்டு மின்பலகையில் இருக்கும் பியூஸ் கட்டை, தேநீர்க் கோப்பை, நவராத்திரிப் பொம்மை, கார்த்திகை அகல் என எத்தனையோ பொருள்கள் அங்கே உருவாகி வெளியூர்களுக்குச் செல்கின்றன.

இவ்வட்டாரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் முதுகலைத் தமிழாசிரியராகச் சேர்ந்து ஆறாம் ஆண்டு. 2002, ஜூலை மாதம். பதினொன்றாம் வகுப்பு இடைப்பருவத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாளைப் புரட்டியபோது அது கையோடு கிழிந்து வந்தது. முதல் வினாவுக்கு மட்டுமே விடை இருந்தது. அதுவும் ஆறு வரிகள். அச்சில் வார்த்ததைப் போன்ற கையெழுத்து. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அழிக்கப்பட்டு மீண்டும் எழுதப்பட்டிருந்தது. சில இடங்களில் அழித்து அழித்துத் தாள் நைந்து ஓட்டை விழுந்திருந்தது. மற்ற பக்கங்கள் வெறுமையாக இருந்தன. ஐம்பதுக்கு நான்கு மதிப்பெண் இட்டேன்.

அத்துடன் விட்டிருக்கலாம். மறுநாள் வகுப்பில் அந்தத் தாளை உயர்த்திக் காட்டினேன். ஓட்டைகளின் வழியே சன்னல் வெளிச்சம் தெரிந்தது.

"என்ன தம்பி, தமிழ் எழுதறதுன்னா உனக்கு அவ்வளவு அருவருப்பா?"

வகுப்பு சிரித்தது. எனக்கும் ஒரு நகைச்சுவையைச் சொல்லிவிட்ட நிறைவு. அவன் எழுந்து நின்றான், என்னைப் பார்க்கவில்லை, தன் இரு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று வந்த பையன் அவன். அவன் செய்கைகள் சில எங்கள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. காலை வழிபாட்டுக்கு நாள்தோறும் தாமதமாக வருவான். ஒரு பாடவேளைக்கு இருமுறை தண்ணீர்க் குழாய்க்குப் போக அனுமதி கேட்பான். கதவின் தாழ்ப்பாளைச் சட்டை நுனியால் பிடித்துத் திறப்பான். பலகையில் பக்கத்து மாணவன் உரசாத அளவுக்கு ஒதுங்கி உட்காருவான். மாணவர்கள் அவனுக்குக் "கலெக்டர்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது என் காதிலும் விழுந்தது. நான் கண்டிக்கவில்லை.

அடுத்த வாரம் நடத்தியது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் குறித்த பாடம். உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்பட்டு, காண்பவருக்குப் புலனாவதே மெய்ப்பாடு என்று விளக்கினேன். மெய்ப்பாடுகள் எட்டு என்றும், அவற்றுள் இளிவரல் என்பது இழிவு, அருவருப்பு ஆகியவற்றைச் சார்ந்தது என்றும், அச்சம் அதனின் வேறானது என்றும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் சொல்லும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கையும் மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒருவன் தன் மெய்யால் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். பாடம் நடத்தியவனுக்கு அது புலனாகவில்லை.

ஆகஸ்ட் நடுவிலிருந்து அவன் பள்ளிக்கு வரவில்லை.

குடத்து நீர்

நீண்ட விடுப்பில் இருப்பவர்களின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் சென்று வர வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னதால்தான் போனேன். என் அக்கறையால் போனேன் என்று எழுத ஆசைதான்; உண்மை அதுவன்று.

அந்த ஆண்டு பருவமழை பொய்த்திருந்தது. தெருக்குழாயில் குடங்கள் வரிசையாக நின்றன. வீட்டு வாசலில் அவன் தாய் என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வாங்கய்யா. படிக்க மாட்டேன்னு சொல்லலைய்யா அவன். வெளியே கெளம்பத்தான் முடியல. ஒரு கொடம் தண்ணிக்கு அரை மணி நேரம் நிக்கிறேன். கையக் கழுவியே அத்தனையும் கொட்டிடறான்."

வீட்டின் பின்புறம் சென்றேன். அவன் ஒரு கல்லின்மேல் குந்தியிருந்தான். வலக்கையால் இடக்கையை, பின் இடக்கையால் வலக்கையை விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. எண்ணிக்கை எங்கோ பிசகியது போலும், முகம் சுருங்கியது, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். மணிக்கட்டுவரை தோல் வெளுத்து, விரல் இடுக்குகள் வெடித்து, சோப்பு நுரையில் இளஞ்சிவப்பாகக் குருதி கலந்திருந்தது. நான் நிற்பதைப் பார்த்தும் அவனால் நிறுத்த முடியவில்லை. அவன் கண்கள் நிரம்பின, கைகள் நிற்கவில்லை.

அருவருப்புக் கொண்ட முகத்தை நான் அறிவேன். அது அந்த முகமன்று.

தாய் மெல்லச் சொன்னார். தந்தைக்கு விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் வேலை. அச்சுக்களில் களிக்குழம்பு வார்ப்பவர். வாரம் முழுவதும் அங்கேயே தங்கி ஞாயிறுதோறும் வருவார். எவ்வளவு குளித்தாலும் நகக்கண்ணில் வெண்மண் இருக்கும். சில மாதங்களாகத் தந்தை வந்தால் மகன் அருகே வருவதில்லை. அவர் தொட்ட தட்டைத் தொடுவதில்லை. "படிச்ச புள்ளைக்கு என் மண்ணு நாறுதாட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர், இரண்டு ஞாயிறாக வரவில்லை.

கயிறு கட்டியிருந்தார்கள், மந்திரித்திருந்தார்கள். மனம் பேதலித்தவர்களை எங்கள் பக்கத்தவர் திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் கோயிலுக்கு அழைத்துச் சென்று ஒரு மண்டலம் தங்கவைப்பதுண்டு. அங்கும் போகலாமா என்று உறவினர் பேசிக்கொண்டிருந்தார்கள். "மருத்துவரிடம் காட்டவில்லையா அம்மா?" என்று கேட்டேன். தாயின் குரல் தாழ்ந்தது.

"டாக்டர்கிட்டப் போனா சங்கிலி போட்டுருவாங்களாமேய்யா. ஏர்வாடியில எரிஞ்சு போனாங்களே, பேப்பர்ல படம் போட்டிருந்தாங்களே."

அவர் சொன்னது அதற்கு முந்தைய ஆண்டின் செய்தி. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் ஒருவர் நடத்திய மனநோயாளர் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அது மருத்துவமனையன்று, கீற்றுக் கொட்டகை. ஆனால் மங்களூர்ச் சிற்றூர் ஒன்றின் தாய்க்கு மருத்துவமும் சங்கிலியும் ஒன்றாகக் கலந்துபோயிருந்தன. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக மாற்றிப் பேசிய தலைமுறை எங்களுடையது. எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் அச்சொல் புழங்கியது.

நோய்க்கு ஒரு பெயர்

கையின் புண்ணுக்கு மருந்து வாங்கலாம் என்று சொல்லித்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர் புண்ணைப் பார்த்தார், பிறகு அவனிடம் ஒரே ஒரு வினாவைக் கேட்டார்: "கழுவலைன்னா என்ன ஆகும்னு தோணுது தம்பி?" அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் அப்படியொரு வினாவை யாரும் அதுவரை அவனிடம் கேட்டதில்லை என்பது அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில் தெரிந்தது. மருத்துவர் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பேருந்துப் பயணத்தில் தந்தையும் வந்தார். மகன் சன்னலோரம், நடுவில் நான், மறுபுறம் தந்தை. நெய்வேலியைக் கடக்கையில் சுரங்கத்து மண்மேடுகளைக் காட்டி, "எங்களுக்கு வெள்ளை மண்ணு இங்கேருந்துதாங்கய்யா வருது" என்றார். மகனுக்குக் கேட்கட்டும் என்று சொன்னதைப் போலிருந்தது. மகன் கைகளை மடித்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தான்.

மருத்துவர் முதலில் அவனிடம் தனியே பேசினார். பின், அவன் ஒப்புதலோடு எங்களையும் உள்ளே அழைத்தார். அவனே சொன்னான்.

"அப்பா மேல ஒண்ணும் இல்ல சார். என் கைலதான் அழுக்கு இருக்கிற மாதிரி தோணும். அதோட அவரத் தொட்டா அவருக்கு ஏதாவது ஆயிடும்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கும். பொய்யின்னு தெரியுது. ஆனா ஒருவேளை நெசமாயிட்டா? அதான் கழுவறேன். எழுதும்போதும் அப்படித்தான். ஒரு எழுத்து கோணலாப் போனா அவருக்கு ஆகாதுன்னு தோணும். அழிச்சிட்டு எழுதுவேன்."

தந்தை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் எதுவும் பேசவில்லை. அவர் விரல்களில் அன்றும் வெண்மண் இருந்தது.

எனக்கு அந்தக் கிழிந்த விடைத்தாள் நினைவுக்கு வந்தது. நான் உயர்த்திக் காட்டிச் சிரித்தது ஒருவன் தன் தந்தையைக் காப்பாற்ற நடத்திய போராட்டத்தின் தழும்புகளை. இளிவரல் என்று நான் பொருள்கொண்டது அச்சம். அதுவும் தொல்காப்பியர் சொன்ன நான்கினுள் எதனாலும் பிறவாத, தன் நெஞ்சமே தனக்கு அணங்காகி வருத்திய அச்சம்.

எண்ணச் சுழற்சி நோய் என்று அதற்குப் பெயர். ஆங்கிலச் சுருக்கத்தில் ஓ.சி.டி. என்பார்கள். வேண்டாத எண்ணம் ஒன்று அழையாமல் வந்து நிற்கும். அது தரும் பதற்றத்தைத் தணிக்க ஒரு செயலைச் செய்யத் தோன்றும். கழுவுதல், எண்ணுதல், சரிபார்த்தல், அடுக்குதல் என அது பலவாறாக இருக்கும். செய்தால் பதற்றம் சற்றே தணியும். தணிவதனாலேயே அடுத்தமுறை அச்செயலின் பிடி இறுகும். நூறு பேரில் ஓரிருவருக்கேனும் வாழ்நாளில் இந்நோய் வருவதாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ தொடங்கிவிடுகிறது. மூளையின் சில பகுதிகளுக்கிடையே நடக்கும் தொடர்பில் ஏற்படும் மாறுபாடு, மரபுவழிக் கூறுகள், சூழலின் நெருக்கடி ஆகியவை இதில் பங்கு கொள்கின்றன. வளர்ப்பின் குறையும் அன்று, பேயும் அன்று, படிப்பின் செருக்கும் அன்று. சுத்தமாக இருக்க விரும்புபவரை எல்லாம் இன்று விளையாட்டாக ஓ.சி.டி. என்று சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. குருதி கசியும் கைகளைப் பார்த்தபின் என்னால் அச்சொல்லை விளையாட்டாகச் சொல்ல முடிந்ததில்லை.

சூளை ஆறும் காலம்

மருந்து கொடுத்தார்கள். அது பயன்தரத் தொடங்கவே எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம் என்றும், இடையில் நிறுத்திவிடக் கூடாது என்றும் சொன்னார்கள். மருந்தோடு ஒரு பயிற்சியும் உண்டு. எதற்கு அஞ்சுகிறானோ அதைச் சிறிதளவு அவனாகத் தொட வேண்டும். தொட்டபின் கழுவாமல் காத்திருக்க வேண்டும். பதற்றம் ஏறும். தாங்கவே முடியாது என்று தோன்றும் உயரத்துக்கு ஏறும். ஆனால் எந்தப் பதற்றமும் உச்சியிலேயே நின்றுவிடுவதில்லை. எதுவும் செய்யாமல் விட்டால் தானே இறங்கும். அப்படி அது இறங்குவதை உடலால் பலமுறை அறிந்தால்தான் எண்ணத்தின் பிடி தளரும். கட்டாயப்படுத்திச் செய்விப்பதன்று இது. மருத்துவர் வகுத்த படிகளில், நோயுற்றவரின் ஒப்புதலோடு செய்வது.

எனக்கு இது ஏட்டுச் செய்தியாக இருந்தது. தந்தைக்கு உடனே புரிந்துவிட்டது. திரும்பி வரும் பேருந்தில் அவர்தாம் விளக்கினார்.

"சூளையில அடுக்கித் தீ மூட்டினா சூடு கொஞ்சம் கொஞ்சமா ஏறணுங்கய்யா. ஆயிரத்து எரநூறு டிகிரி வரைக்கும் போவும். அப்புறம் தீய நிறுத்திட்டுச் சும்மா இருக்கணும். அந்தச் சும்மா இருக்கறதுதான் கஷ்டம். வெந்திருச்சா பாப்போம்னு அவசரப்பட்டுக் கதவத் தொறந்தா, குளிர்காத்து பட்டு எல்லாம் விரிஞ்சிரும். தானா ஆறணும்."

அன்று நடுவில் இருந்த நான் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டேன். அவர்கள் தொட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இடையில் யாரும் இல்லாமல் விருத்தாசலம்வரை வந்தார்கள்.

ஞாயிறுதோறும் பயிற்சி நடந்தது. தந்தை கொண்டுவரும் காய்ந்த களிமண் கட்டி ஒன்றைத் திண்ணையில் வைப்பார். அவன் ஒரு விரலால் தொட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழுவாமல் இருக்க வேண்டும். தாய் பழைய மேசைக் கடிகாரத்தை எடுத்து வைப்பார். முதல் ஞாயிறு இரண்டு நிமிடத்தில் ஓடிவிட்டான். "பரவால்ல, ரெண்டு நிமிசம் இருந்திருக்கியே" என்றாராம் தந்தை. முன்பு வீட்டில் எல்லாரும் செய்த இரண்டு காரியங்களை விட்டுவிடும்படி மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். ஒன்று, திட்டுவது. மற்றொன்று, "ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது" என்று ஓயாமல் உறுதி கொடுப்பது. இரண்டாவதும் கழுவுவதைப் போன்றதே. அப்போதைக்குத் தணிக்கும், பின் சுழற்சியை வளர்க்கும். திட்டுவதைவிட இதை நிறுத்துவதுதான் தாய்க்குக் கடினமாக இருந்தது.

பள்ளியில் நான் செய்தவை சிறியவை. வகுப்பின் முன் அவமதித்தவன் வகுப்பின் முன்னேயே மன்னிப்புக் கேட்பதா, அல்லது அது அவனை மீண்டும் காட்சிப்பொருளாக்குமா என்று பலநாள் குழம்பினேன். இறுதியில் அவனிடம் தனியே கேட்டேன். அவன், "பரவால்லைங்கய்யா" என்றான். அந்தச் சொல் என்னை விடுவிக்கவில்லை, விடுவிக்க வேண்டியதுமில்லை. வகுப்பில் பட்டப்பெயரை நிறுத்தினேன். பென்சிலும் அழிப்பானும் இல்லாமல் பேனாவால் மட்டும் எழுத வேண்டும் என்று அவனும் நானும் உடன்படிக்கை செய்துகொண்டோம். கோணலான எழுத்து கோணலாகவே இருக்கட்டும். அதற்காக நான் மதிப்பெண் குறைக்கமாட்டேன். அடுத்த தேர்வில் மூன்று வினாக்களுக்கு எழுதினான். அரையாண்டில் ஏழு. பின் ஒரு சரிவு வந்தது. ஜனவரியில் பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. நலமடைதல் நேர்கோட்டில் நடப்பதில்லை என்று மருத்துவமனையில் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் கலங்கவில்லை. கலங்கினோம்; ஆனால் பயிற்சியை விடவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வில் தமிழ் முதல் தாளில் இரண்டு வினாக்களை விட்டுவிட்டான். நேரம் போதவில்லை. மற்ற அனைத்தையும் எழுதியிருந்தான்.

மங்களூரும் மங்களூரும்

அந்நிகழ்வுக்குப் பின் மனநலம் பற்றிக் கையில் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். இன்னொரு மங்களூரில், கர்நாடகக் கடற்கரை மங்களூரில், 1923இல் பிறந்தவர் மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1794இல் தொடங்கப்பட்ட சென்னை மனநோயாளர் இல்லமே பின்னாளில் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்து அரசு மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. அதன் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்தவர் அவர். மதிலுக்குள் அடைப்பதோடு மருத்துவம் முடிவதில்லை, நோய் தணிந்தவர் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்ப வேண்டும் என்பதற்காக 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல், தம் 98ஆம் வயதில் மறைந்தார். நாங்கள் வசைச்சொல்லாக்கிய ஊரில் ஒரு பெண்மணி அத்தனை ஆண்டுகள் நோயாளரோடு உழைத்திருக்கிறார். எந்த வகுப்பிலும் எங்களுக்கு யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினர்க்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் மூவர் அல்லது நால்வர். மனச்சோர்வு, பதற்றநோய், எண்ணச் சுழற்சி, அரிதாக மனச்சிதைவின் தொடக்கம் என அது எதுவாகவும் இருக்கலாம். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை; எரிச்சலாக வரும், தூக்கமின்மையாக வரும், விளையாட்டை விட்டு விலகுவதாக வரும், காரணம் தெரியாத வயிற்றுவலியாகவும் வரும். நாங்கள் ஆசிரியர்கள் "இப்பொழுதெல்லாம் கவனம் இல்லை" என்று மாணவர் பதிவேட்டில் எழுதிய ஒற்றை வரிக்குப் பின்னால் எத்தனை நோய்கள் மறைந்து கிடந்தனவோ.

எங்கள் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றை இங்குச் சொல்ல வேண்டும். சென்னையில் 1986இல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் உடன் ஆய்வாளர்களும் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில் ஓர் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். உழவர்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப்பொதுவான ஓரிடத்தில் பூட்டுள்ள பெட்டிகளில் வைத்து, வயலுக்குப் போகும்போது மட்டும் எடுத்துச் செல்லும் ஏற்பாடு. இதை ஊரார் ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும், உயிரிழப்புகளைக் குறைக்கும் வாய்ப்பு இதில் உண்டு என்பதையும் 2013இல் வெளியான அவ்வாய்வு காட்டியது. படித்தபோது எனக்குச் சூளைதான் நினைவுக்கு வந்தது. துயரின் உச்சமும் பதற்றத்தின் உச்சத்தைப் போன்றதே, நிலைப்பதில்லை. அந்தச் சில மணி நேரத்தைக் கடக்க ஒரு பூட்டு உதவுகிறது; ஒரு மனிதக் குரலும் உதவுகிறது. தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல் அதே ஆண்டில் எழுதும் துணைத்தேர்வும், 2017 முதல் மாநிலத் தரவரிசைப் பட்டியலை வெளியிடுவதில்லை என்று அரசு எடுத்த முடிவும் என் கணக்கில் மனநலப் பணிகளே.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது. மருத்துவம் பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைக் காணலாம். 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கு 1098. 2002இல் இவை இருந்திருந்தால் அந்தத் தாய் ஒரு மாதம் முன்னதாகவே உதவி பெற்றிருப்பார். ஆயினும் எண்ணை அழுத்தும் விரலுக்கு முன் ஒருவர், "என்ன ஆகும்னு தோணுது தம்பி?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் பக்கத்துப் பலகையில் இருக்கும் உங்களில் ஒருவராகவே இருப்பார். நண்பர் சொல்வதை மறைத்து வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாலும், அவர் உயிருக்கு ஊறு நேரும் என்று தோன்றினால் அச்சத்தியத்தை மீறி நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். இதைக் கட்டளையாகவே எழுதுகிறேன்.

அகல்

சென்ற ஆண்டு கார்த்திகைக்கு முன்பு விருத்தாசலம் போயிருந்தேன். அவனுக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது. தந்தை ஓய்ந்துவிட்டார். சிறு பட்டறை ஒன்றை அவன் நடத்துகிறான். பள்ளியிலிருந்து போன பின்னும் சில ஆண்டுகள் மருந்து எடுத்துக்கொண்டான் என்பதை அறிவேன். நான் போனபோது தரையில் அமர்ந்து, சுண்ண அச்சுகளைப் பிரித்து ஈர அகல்களை எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். முழங்கைவரை வெண்மண். திண்ணையில் தந்தை நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா" என்று எழுந்தவன், மூலையில் இருந்த தொட்டி நீரில் கைகளை விட்டு அலசினான். என்னையறியாமல் நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பியவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"ஒரு தடவதாங்கய்யா" என்று சிரித்தான். "சில நாள் ரெண்டு."

பிறகு உள்ளே பார்த்து, ஐயாவுக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னான். வந்த கோப்பைகளில் ஒன்றை எனக்குக் கொடுத்தான். மற்றொன்றை எடுத்துச் சென்று தந்தையின் கையில் கொடுத்தான்.